ரீலோடிங்கை மனசுல வச்சு ஒரு சின்ன கேலிபர் ரைஃபிள் எடுத்த அனுபவம்

டார்கெட் ஷூட்டிங்குக்கு சொந்தமா ரைஃபிள் எடுக்கணும், தோட்டாவையும் நானே லோட் பண்ணணும் (சுட்ட கேஸுல, அதாவது காலி பித்தளைக் கூட்டுல, புதுசா பவுடரும் புல்லட்டும் வச்சு திரும்ப தோட்டா ஆக்குறது தான் ரீலோடிங்), இந்த ரெண்டு ஆசையும் ஒண்ணா வந்ததால தான் முடிவெடுக்க எனக்கு இவ்ளோ காலம் ஆச்சு. சுடுறது மட்டும்னா யோசிக்காம .22 எல்.ஆர். எடுத்திருப்பேன். சத்தம் கம்மி, உதை இல்லவே இல்ல, 50 மீட்டர் போட்டியில பத்து பாயிண்ட் வட்டத்தோட விட்டமே 10.4 மில்லிமீட்டர் தான், அதுக்குள்ள திரும்பத் திரும்ப விழுற தோட்டா அது. ஆனா அது ரிம்ஃபயர். கழட்டி மாத்துற மாதிரி தனி பிரைமர் (பவுடரை பத்த வைக்கிற சின்ன மூடி) கிடையாது, பத்துற மருந்து கேஸோட விளிம்புக்குள்ளயே இருக்கு, ஃபயரிங் பின் அந்த விளிம்பை நசுக்குனதும் கேஸ் முடிஞ்சுது. ரீலோட் பண்ணணும்னா பிரைமர் கேஸோட அடியில நடுவுல தனியா இருக்குற சென்டர்ஃபயருக்கு தான் போகணும்.

சென்டர்ஃபயர்ல என் கையில நின்னது மூணு, .222 ரெமிங்டன், .223 ரெமிங்டன், .22-250. மூணுக்கும் புல்லட் ஒண்ணு தான், 0.224 இன்ச். .222 வந்தது 1950ல, ரொம்ப வருஷம் பெஞ்ச்ரெஸ்ட் (ரைஃபிளை மேஜை மேல தாங்கி வச்சு சுடுற போட்டி) ஆளுங்க கொண்டாடுன கேஸ், எனக்கும் அது மேல ஒரு பிரியம் உண்டு, ஆனா காலி கேஸ் தேடி அலையணும். .22-250 வேகம் ஜாஸ்தி, ஒவ்வொரு ரவுண்டுக்கும் .223ஐ விட கிட்டத்தட்ட பத்து கிரெய்ன் (பவுடரையும் புல்லட்டையும் எடை போடுற சின்ன அளவு) பவுடர் கூட தின்னும், அந்த சூடெல்லாம் பேரலோட தொண்டையில, அதாவது தோட்டா உக்கார்ற இடத்துக்கு அடுத்த பகுதியில தான் போய் விழும், அது சீக்கிரம் தேயும். பேப்பர்ல ஓட்டை போட அவ்ளோ வேகம் எதுக்கு? அப்படியே .223ல வந்து நின்னுட்டேன். இதுல இன்னொரு நல்ல விஷயம், வழக்கமான ரைஃபிள் பவுடரை சரியான அளவு போட்டாலே கேஸ் பெரும்பாலும் நிறைஞ்சிடும், கைதவறி ரெண்டாவது தடவை ஊத்துனா வெளிய வழிஞ்சு காட்டிக் கொடுத்துடும். புதுசா லோட் பண்ண ஆரம்பிக்கிறவங்களுக்கு இது சின்ன விஷயமே இல்ல.

தானே அடுத்த தோட்டாவை ஏத்திக்கிற செமி ஆட்டோ வேண்டாம்னு முதல்லயே முடிவு, கேஸை தூக்கி எங்கயோ எறிஞ்சிடும், போல்ட் ஆக்‌ஷன்னா போல்ட்டை நாமளே கையால இழுக்குறதால கேஸ் கைக்கு கிட்டயே கிடக்கும், அடியும் படாது.

இதுக்கப்புறம் தான் உண்மையான வேலை, ட்விஸ்ட், அதாவது புல்லட்டை சுழல வைக்க பேரலுக்குள்ள வெட்டியிருக்குற சுருள் கோடு எத்தனை இன்ச்சுல ஒரு சுத்து முடிக்குதுங்கிறது. நிறைய பேர் ஸ்டாக்கையும் ஸ்கோப்பையும் பாத்து மயங்குறாங்க, நான் கேட்ட முதல் கேள்வி இந்த பேரல்ல எத்தனை இன்ச்சுக்கு ஒரு சுத்து அப்படின்னு தான். 12 இன்ச்சுக்கு ஒரு சுத்துன்னா 55 கிரெய்ன் புல்லட் வரைக்கும் சந்தோஷமா போகும், 9 இன்ச்சுன்னா 69 வரைக்கும் பெரும்பாலும் ஒத்துவரும், 77ம் அதுக்கு மேலயும் போடணும்னா 8 இல்ல 7 வேணும். கனமான புல்லட்டுன்னா நீளமும் கூடும், நீளம் கூடுனா அதை நேரா நிறுத்த சுழற்சியும் கூட வேணும், இல்லைன்னா புல்லட் பக்கவாட்டுல சாய்ஞ்சு பேப்பர்ல சாவித்துவாரம் மாதிரி கிழிக்கும். பழைய ரைஃபிள் ஒண்ணு பாக்கப் போனப்ப விக்கிறவர் 9னு சொன்னார். காலியா இருக்கான்னு பாத்துட்டு போல்ட்டை கழட்டி, கைப்பிடி தானா சுழலுற கிளீனிங் ராடுல இறுக்கமா துணி மாட்டி உள்ள தள்ளி, ராடுல ஒரு கோடு போட்டு, அது ஒரு முழு சுத்து சுத்துற வரைக்கும் மெதுவா இழுத்து ஸ்கேல் வச்சேன், 12க்கு பக்கத்துல வந்துச்சு. நன்றி சொல்லிட்டு வந்துட்டேன். கடைசியா எடுத்தது 8 ட்விஸ்ட், கனமான பேரல், ட்ரிகர் லேசா சுத்தமா விடுபடுற ரைஃபிள்.

ரீலோடிங்குக்கு சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ் (ஒரு தடவைக்கு ஒரு வேலை மட்டும் செய்யுற கருவி) போதும், அவசரமே இல்லாத வேலை இது. காசை தராசுலயும் நீளம் அளக்குற காலிப்பர்லயும் போடுங்க. .223 கேஸோட நீளம் 1.760 இன்ச்சை தாண்டவே கூடாது, தாண்டுனா 1.750க்கு வெட்டிடணும். பவுடர் அளவுக்கு அச்சுல வந்த மேனுவல் மட்டும் தான், அதுல உள்ள ஆரம்ப அளவுல இருந்து கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும், மேஜை மேல ஒரே ஒரு பவுடர் டப்பா தான் இருக்கணும். பிரைமர் தட்டையா பரவியிருந்தாலோ போல்ட் தூக்க மக்கர் பண்ணாலோ அழுத்தம் ஜாஸ்தின்னு அர்த்தம், அங்கயே நிறுத்திடணும். சுட்ட கேஸ் ஒவ்வொண்ணுலயும் நுனி வளைச்ச கம்பியை உள்ள விட்டு அடிப்பக்க சுவரை தடவிப் பாப்பேன், ஒரு சின்ன பள்ளம் மாதிரி கம்பி சிக்குச்சுன்னா பித்தளை அங்க மெலிஞ்சிருக்குன்னு அர்த்தம், வெளிய பாக்க எவ்ளோ பளபளன்னு இருந்தாலும் அந்த கேஸ் குப்பைக்கு தான். இதுல நான் கறார்.

இப்போதைக்கு 69 கிரெய்ன் என் பேரலுக்கு நல்லா பிடிச்சிருக்கு. 77ஐ மேகசின்ல அடங்குற நீளத்துல லோட் பண்ணலாம், அதை அடுத்து பாக்கணும். 80 கிரெய்ன் புல்லட் நீளமா நிக்கும், அதை ஒவ்வொண்ணா கையால தான் உள்ள வைக்கணும், ஆனா தூரம் கூடும்போது காத்தை நல்லா தாங்கும், எட்டு ட்விஸ்ட் கேட்டு அலைஞ்சதே அதுக்காகத் தான்.