முட்டையிடாத சேவலுக்கும் முட்டைக் கணக்கு உண்டு

இலங்கை மலையகத்தில் எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) பின்னால் கம்பிவலைக் கூடு அடித்துக் காடை வளர்ப்பவர்கள் பலரும், அடுத்த தலைமுறைக்குக் குஞ்சு எடுக்கும்போது, கூட்டில் இருப்பவற்றிலேயே பருத்த பெட்டையையும் மிடுக்கான சேவலையும் ஒதுக்கிவைக்கிறார்கள். இறைச்சிக்கு வளர்ப்பவருக்கு அது சரி. முட்டைக்கு வளர்ப்பவருக்கு அது பெரும்பாலும் தீன் செலவைத்தான் கூட்டும். ஜப்பானியக் காடையில் உடல் எடை எளிதாகச் சந்ததிக்கு இறங்கும். முட்டை எண்ணிக்கை அவ்வளவு எளிதில் இறங்காது. பெரிய முட்டையாகப் பார்த்துத் தெரிவு செய்தாலும் எண்ணிக்கை குறையக்கூடும் என்பதால், 10 முதல் 12 கிராம் வரையுள்ள முட்டையோடு நிறைவடைவதே நல்லது.

ஆகவே பெட்டையை அதன் முட்டைக் கணக்கை வைத்தே தெரிவு செய்யவேண்டும். ஒரே கூட்டில் நான்கு பெட்டைகள் இருந்தால் எது இட்டது என்று அறிவதற்கு முட்டையின் மேலோட்டைக் கவனித்தாலே பெரும்பாலும் போதும்: ஒன்றின் முட்டையில் மை தெறித்தாற்போல் பெரிய கறுப்புத் திட்டுகள் இருக்கும், மற்றொன்றில் நுண்ணிய பழுப்புப் புள்ளிகள் நெருக்கமாக இருக்கும், ஒவ்வொரு பெட்டையும் ஏறத்தாழ அதே கோலத்தையே திரும்பத் திரும்ப இடும். காடை பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலுமே முட்டையிடுவதால், கொழுந்து நிறுத்துவிட்டு வீடு திரும்பியவர்கள் விளக்கு வைக்கும் நேரத்தில் எண்ணி எழுதிவிடலாம். 6, 7 வாரத்தில் முட்டை தொடங்கும். அதன்பின் இரண்டு, மூன்று மாதக் கணக்குத் தெரிவுக்குப் போதும். அதற்கு மேல் காத்திருந்தால் பறவைக்கு வயதேறிக் கருவளம் குறையும்.

கணக்கைக் கெடுப்பது வெளிச்சம். நம் நாட்டில் பகல் ஏறத்தாழ 12 மணி நேரமே. முட்டையிடும் காடைக்கு 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் வேண்டும். மின்குமிழுக்கு அருகிலுள்ள கூடும் இருட்டு மூலையிலுள்ள கூடும் ஒரே ஏட்டில் ஏறினால், அந்த எண்ணிக்கையில் பெட்டையின் பங்கு எவ்வளவு என்று யாராலும் சொல்லமுடியாது.

சிக்கல் சேவலில்தான். குஞ்சின் பாதி இரத்தம் அதனுடையது, ஆனால் அதற்கென்று எழுத ஒரு முட்டையும் இல்லை. எனவே தாயின் கணக்கையும் உடன்பிறந்த பெட்டைகளின் கணக்கையும் சேர்த்து, அதிகம் இட்ட குடும்பத்திலிருந்து சேவலை எடுக்கவேண்டும். இதற்காக, ஒரு தாயின் முட்டைகளைக் குளிர்ந்த அறையில் ஒரு வாரத்துக்குள் சேர்த்து (இந்த ஒன்றில் மலைக்குளிர் நமக்கு உதவி), இன்குபேட்டரில் தனித் தடுப்பில் வைத்து, 17, 18 நாளில் குஞ்சு பொரிந்ததும் காலில் நிறவளையம் போட்டுவிடவேண்டும். மூன்று வாரமானால் சேவலுக்கு நெஞ்சு செம்பழுப்பாகும், பெட்டைக்குக் கரும்புள்ளி விழும். வளர்ந்தபின், வாலடியிலுள்ள சுரப்பியை மெல்ல அழுத்தினால் வெண்ணுரை தள்ளும் சேவலே இனவிருத்திக்கு உகந்தது.

நல்ல குடும்பம் என்று அதற்குள்ளேயே சோடி சேர்ப்பதுதான் பெரிய ஆபத்து. நெருங்கிய உறவில் சேர்த்தால் காடை கோழியைவிட விரைவாகத் தளரும். தொடர்ந்து சில தலைமுறைகள் அப்படிச் சேர்த்தால் முட்டை பொரிப்பதே அரிதாகிவிடும். நான்கு குடும்பங்களாகப் பிரித்து, ஒவ்வொரு தலைமுறையிலும் முதற்குடும்பச் சேவலை இரண்டாவதற்கும், இரண்டாவதன் சேவலை மூன்றாவதற்கும், இப்படியே சுற்றிவர மாற்றுவது எளிய வழி. பக்கத்துத் தோட்டத்தாரோடு சேவலை மாற்றிக்கொள்பவர்கள், இருவரும் ஒரே இடத்தில் குஞ்சு வாங்கினார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். ஊர் வேறானாலும், நோர்வூட்டுச் சேவலும் பொகவந்தலாவைப் பெட்டையும் அண்ணன் தங்கையாகவே இருக்கக்கூடும்.