ஜப்பானில் மரபுக் கைவினை படிக்க: முதலில் பொருள், பிறகு பல்கலைக்கழகம்

ஜப்பானில் கைவினை படிக்க நினைப்பவர்கள் எடுத்ததும் பல்கலைக்கழகங்களின் பெயரைத்தான் தேடுகிறார்கள். முதலில் முடிவு செய்ய வேண்டியது பொருளை: மண்ணா, மரமா, உலோகமா, நூலா, உருஷி என்ற மரப்பால் பூச்சா? துறைக்குள் நுழைந்ததும் கொஞ்ச காலம் எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்க விடுவார்கள். அதன்பின் ஒரே பொருளோடுதான் காலம் ஓடும். ஆசிரியர், பட்டறை, செலவு, ஆண்டின் எந்த மாதத்தில் தூக்கம் கெடும் என்பது வரை அந்தப் பொருளைப் பொறுத்ததுதான்.

டோக்கியோ உயேனோவில் இருக்கும் டோக்கியோ கலைப் பல்கலைக்கழகத்தை எல்லோரும் கெய்தாய் என்பார்கள். அங்கே உலோகத்துக்கு மட்டும் செதுக்கல், அடித்து உருவாக்கல், வார்ப்பு என்று மூன்று தனிப் பிரிவுகள். உருஷி, மட்பாண்டம், சாயமும் நெசவும், மரமும் கண்ணாடியும் வேறு. கியோட்டோ நகரக் கலைப் பல்கலைக்கழகம் 1880 இல் தொடங்கிய ஓவியப் பள்ளியின் வழி வந்தது. 2023 இல் கியோட்டோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் குடிபெயர்ந்தது. அங்கே மட்பாண்டம், உருஷி, சாய நெசவு மூன்றும் உண்டு.

இந்தப் பெரிய பெயர்களோடு நின்றுவிடாதீர்கள். வார்ப்பு என்றால் தொயாமா பல்கலைக்கழகத்தின் தகாவோகா வளாகத்தைப் பாருங்கள். அந்த ஊரே வார்ப்புத் தொழிலால் வளர்ந்தது. பீங்கான் என்றால் சாகா பல்கலைக்கழகத்துக்கு அரிதாவில் வளாகம் உண்டு. பிங்காத்தா என்ற ஒகினாவாவின் மரபுச் சாயமுறையும் தீவு நெசவும் வேண்டுமென்றால் ஒகினாவா மாகாணக் கலைப் பல்கலைக்கழகம். ஜப்பானின் தங்கத்தாள் ஏறக்குறைய முழுவதும் கனாசாவாவில்தான் தட்டப்படுகிறது. அங்கே 1946 இல் தொடங்கிய கலைக் கல்லூரி இருக்கிறது. ஊர் ஏன் முக்கியம் என்றால், தூரிகை கட்டுபவர், உளி தீட்டுபவர், மண் விற்பவர் எல்லோரும் சைக்கிள் தூரத்தில் இருப்பார்கள். பாடத்திட்டத்தில் எழுதப்படாத பாதியை அவர்களிடம்தான் கற்க முடியும்.

பல்கலைக்கழகம் உங்களை மரபுக் கைவினைஞராக ஆக்காது என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். அது உருவாக்க நினைப்பது தன் பெயரில் படைப்பவரை. ஒரே கிண்ணத்தை நூறு முறை ஒரே அளவில் செய்யும் கை வேண்டுமென்றால் பயிற்சி நிலையங்கள்தான் சரி: வாஜிமாவின் உருஷிக் கலைப் பயிற்சி நிலையம், தாஜிமி நகரின் மட்பாண்ட வடிவமைப்பு நிலையம் போன்றவை. அங்கே பட்டம் கிடைக்காது, கை கிடைக்கும். ஆனால் வெளிநாட்டவரை எடுப்பார்களா, மாணவர் விசா கிடைக்குமா என்பதை விண்ணப்பத்துக்கு முன்பே எழுதிக் கேட்டுவிடுங்கள். வாஜிமா 2024 ஜனவரி 1 நிலநடுக்கத்தில் மிகவும் அடிபட்ட ஊர். அங்கே இப்போது என்ன நிலை என்பதை நேரடியாகவே விசாரிக்க வேண்டும்.

இளங்கலை வழியாகப் போனால்

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நேராகப் போகிறவர்களுக்கு இரண்டு தடைகள். ஒன்று, வெளிநாட்டு மாணவர்களுக்கான ஈஜேயூ தேர்வு. ஜூனிலும் நவம்பரிலும் நடக்கும். கொழும்பும் தேர்வு மையங்களில் ஒன்று. ஜப்பானிய மொழித் தாள் 450 மதிப்பெண். அதில் 50 கட்டுரைக்கு. கலைப் பல்கலைக்கழகங்கள் பலவும் மொழித் தாளைத்தான் முக்கியமாகப் பார்க்கும், ஆனால் எந்தெந்தத் தாள் வேண்டும் என்பது துறைக்குத் துறை மாறும். சென்னையில் நடக்கும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வான ஜேஎல்பிடியின் சான்றிதழ் வேறு, இது வேறு. ஈஜேயூ கேட்கும் துறைக்கு அந்தச் சான்றிதழை அனுப்பினால் விண்ணப்பம் அப்படியே திரும்பிவிடும்.

இரண்டாவது, செய்முறைத் தேர்வு. பலர் விழுவது இங்கேதான். ஜப்பானிய மாணவர்கள் இதற்கென்றே தனிப் பயிற்சிப் பள்ளிகளில் ஓரிரு ஆண்டு செலவழித்துவிட்டு வருகிறார்கள். மையம் டெஸ்ஸான் எனப்படும் பென்சில் அல்லது கரித்துண்டு வரைவு. தாள் பெரும்பாலும் 65 × 50 சென்டிமீட்டர். முன்னால் ஒரு பிளாஸ்டர் சிலையோ, காய்கறி, கண்ணாடிக் குவளை, துணி, கயிறு போன்ற பொருள்களோ இருக்கும். நேரம் சில மணி முதல் முழு நாள் வரை.

பென்சில்கள் 4எச் முதல் 4பி வரை, ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு. துருவியில் சீவக் கூடாது. கட்டர் கத்தியால் சீவி, கரி முனை ஒன்றரை சென்டிமீட்டர் நீளமாக வெளியே தெரிய வேண்டும். படுக்க வைத்துத் தேய்த்தால் பரப்பு, நிமிர்த்தினால் கோடு என்று இரண்டு வேலைக்கும் அது உதவும். களிமண் போலப் பிசையும் அழிப்பான், சாதாரண அழிப்பான், காஸ் துணி ஆகியவையும் வேண்டும்.

ஆறு மணி நேரத் தேர்வு என்றால் முதல் அரை மணியில் தாளில் பொருள் எங்கே, எவ்வளவு பெரிதாக என்பது மட்டும். கையை நீட்டிப் பென்சிலால் அளந்து, உயரத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதத்தைக் குறியுங்கள். அடுத்த ஒரு மணியில் முழுத் தாளிலும் ஒளி, நிழல் என்ற இரண்டே பிரிவு. விவரங்கள் மூன்றாம் மணிக்குப் பிறகு. மணிக்கு ஒரு முறையாவது எழுந்து மூன்று மீட்டர் பின்னால் போய்ப் பாருங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் சிலையின் கழுத்து சாய்ந்திருப்பது கண்ணில் படாது.

கோட்டோவியத்தில் கை தேர்ந்தவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. உருவத்தைச் சுற்றி அழகான ஓரக்கோடு போட்டு உள்ளே நிழல் நிரப்புவார்கள். பொருள் தாளில் ஒட்டிய வில்லை போலத் தெரியும். தேர்வாளர் பார்ப்பது எடை, இடைவெளி, பரப்பின் தன்மை. பின்பக்கம் திரும்பிப் போகும் ஓரத்தில் கோடு மங்க வேண்டும். பொருள் மேசையைத் தொடும் இடம்தான் மிக இருட்டாக இருக்க வேண்டும். அந்த ஒரு மில்லிமீட்டர் இருட்டு இல்லையென்றால் ஆப்பிள் மிதக்கும். குவளையின் மேல் வாய் நீள்வட்டத்தைவிட அடி நீள்வட்டம் கொஞ்சம் அகன்று திறக்க வேண்டும். அடியைத் தட்டையாகப் போடுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. தொடக்கத்திலேயே 4பியைத் தேய்த்துவிட்டால் தாளின் துளைகள் அடைந்து பளபளக்கும், அதன் மேல் எதுவும் ஏறாது. கடினமான பென்சிலைக் கடைசியில் மென்மையானதன் மேல் ஓட்டினால் பரப்பு இறுகும். இந்த வரிசையைப் பழகிக்கொள்ளுங்கள்.

கைவினைத் துறைகளில் களிமண் உருவாக்கமும் கேட்பார்கள். மண்ணை முதலில் மொத்தமாகத் தட்டி நிறுத்துங்கள், துண்டு துண்டாக ஒட்டாதீர்கள். தண்ணீர் தடவித் தடவி வழவழப்பாக்கினால் மதியத்துக்குள் உருவம் இடுப்பில் அமர்ந்துவிடும். பலகையைத் திருப்பிக்கொண்டே வேலை செய்யுங்கள். முன்பக்கம் மட்டும் முடிந்த சிலைகளைத் தேர்வாளர்கள் எளிதில் கண்டுபிடிப்பார்கள்.

முதுகலை வழி

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ நுண்கலைப் பட்டம் முடித்தவர்களுக்கு இதுவே நல்ல வழி என்பது எங்கள் கருத்து. முதுகலைக்குப் பதினாறு ஆண்டுக் கல்வி வேண்டும். சென்னை, கும்பகோணம் கவின்கலைக் கல்லூரிகளின் நான்காண்டு பிஎஃப்ஏ அதற்குச் சரியாக வரும். மூன்றாண்டு பட்டக்காரர்கள் தனித் தகுதிச் சோதனைக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். அது தேர்வுக்குப் பல மாதம் முன்பே முடிந்துவிடும், தவறவிட்டால் அந்த ஆண்டு போயிற்று.

நடைமுறையில் பலரும் முதலில் கென்கியூசெய், அதாவது பட்டமில்லாத ஆய்வு மாணவராகப் போய், பட்டறையைப் பழகிக்கொண்டு பிறகு முதுகலை நுழைவை எழுதுகிறார்கள். இதற்கு ஒரு பேராசிரியர் உங்களை ஏற்கச் சம்மதிக்க வேண்டும். அவருக்கு அனுப்பும் படைப்புத் தொகுப்பில் பத்து முதல் இருபது வேலைகள் போதும். ஒவ்வொன்றின் கீழும் ஆண்டு, அளவு, பொருள், செய்முறை. கைவினைப் பேராசிரியர்கள் முடிந்த படைப்பைவிடச் செய்யும்போது எடுத்த படங்களை நெடுநேரம் பார்ப்பார்கள். மூட்டு, அடிப்பாகம், உட்புறம் ஆகியவற்றையும் படமெடுத்துச் சேருங்கள்.

ஆய்வுத் திட்டத்தில் 'ஜப்பானியப் பண்பாட்டின் மீது எனக்கு ஆழ்ந்த ஈடுபாடு' என்று தொடங்கும் பக்கங்கள் அவர்களிடம் குவிந்து கிடக்கின்றன. கேள்வி குறுகலாக இருக்கட்டும். சுவாமிமலையில் மெழுகு உருவத்தின் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிச் சிலை வார்க்கிறார்கள். ஜப்பானிலும் மெழுகு வார்ப்பு மரபு இருக்கிறது. இரண்டிலும் அச்சு மண்ணின் கலவையையும் காற்று வெளியேறும் வழியையும் ஒப்பிட்டு, அந்த அறிவை வைத்து என்ன படைக்கப் போகிறேன் என்று எழுதினால் அது ஒரு திட்டம்.

ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகையில் ஆய்வு மாணவருக்கு மாதம் 1,43,000 யென், முதுகலைக்கு 1,44,000 என்ற அளவில் கொடுத்து வருகிறார்கள், கட்டணமும் இல்லை. அதன் விதிகளில் பலர் கவனிக்காத ஒரு வரி உண்டு: கபுகி, மரபு நடனம் போன்ற நிகழ்கலைகளும், தொழிற்சாலையிலோ நிறுவனத்திலோ குறிப்பிட்ட நுட்பத்தைப் பயிலும் பயிற்சியும் அதில் அடங்காது. 'ஒரு கைவினைஞரிடம் போய் வேலை கற்கப் போகிறேன்' என்று எழுதினால் அங்கேயே விழும். பல்கலைக்கழகத்துக்குள் நடக்கும் ஆய்வும் படைப்புமாக எழுதுங்கள்.

சொந்தச் செலவு என்றால் தேசியப் பல்கலைக்கழகங்களின் வழக்கமான ஆண்டுக் கட்டணம் 5,35,800 யென், சேர்க்கைக் கட்டணம் 2,82,000. கெய்தாய் 2019 இல் ஆண்டுக் கட்டணத்தை 6,42,960 ஆக்கியது. தனியார் கலைப் பல்கலைக்கழகங்கள் ஆண்டுக்கு 15 லட்சத்தைத் தாண்டும். பொருள் செலவு இதில் சேராது. வாரம் 28 மணி நேரம் பகுதிநேர வேலைக்கு அனுமதி வாங்கலாம். பட்டறை அவ்வளவு நேரம் விடுமா என்பது சந்தேகம்தான்.

பட்டறைக்குள்

உருஷி நம் ஊர் அரக்கு அல்ல. அரக்கு பூச்சி தருவது. இது மரத்தின் பால். முந்திரி, மா, சேராங்கொட்டை எல்லாம் இருக்கும் அதே குடும்பத்து மரம். முந்திரிக் கொட்டையின் ஓட்டுப் பால் பட்டால் யாருக்குத் தோல் வெந்து கொப்புளிக்குமோ, அவருக்கு உருஷியும் அப்படியே செய்ய வாய்ப்பு அதிகம். துறையைத் தேர்ந்தெடுக்கும் முன் இதை யோசியுங்கள். அரிப்பு உடனே தெரியாது. ஓரிரு நாள் கழித்து வரும், ஒரு வாரம் இரண்டு வாரம் இருக்கும். கையுறை, முழங்கை வரை உறை. கையில் பட்டால் முதலில் சமையல் எண்ணெய் விட்டுத் துடைத்து, அதன் பிறகே சோப்பு. நன்றாகக் காய்ந்து இறுகிய உருஷி ஒன்றும் செய்யாது, அதில் சோறே சாப்பிடலாம்.

'காய்வது' என்றாலும் இது வெயிலில் காயும் சமாச்சாரம் இல்லை. அதிலுள்ள லாக்கேஸ் என்ற நொதிக்கு ஈரம் வேண்டும்: 20 முதல் 25 டிகிரி வெப்பம், 70 முதல் 80 விழுக்காடு ஈரப்பதம். அதற்கென ஈரத் துணி வைத்த மர அலமாரி இருக்கும். டோக்கியோவின் வறண்ட குளிர்காலத்தில் பூசிவிட்டு வெளியே வைத்தால் ஒரு வாரம் கழித்தும் ஒட்டும். ஜூன் மழைக்காலத்தில் நேர்மாறு: தடிமனாகப் பூசினால் மேல்தோல் முதலில் இறுகி, உள்ளே ஈரம் நின்று, பரப்பு சுருங்கிவிடும். சுருங்கியதைச் சரிசெய்ய வழியில்லை, உரித்துவிட்டு மறுபடி. எனவே மெல்லிய பல பூச்சுகள்.

இன்னொரு வகையிலும் உருஷி காயாமல் போகும், புதியவர்கள் காரணம் தெரியாமல் திகைப்பார்கள். வேலை முடிந்ததும் தூரிகையைக் கடுகு இன எண்ணெயில் கழுவி வைப்பது வழக்கம். அடுத்த முறை டர்பன்டைனில் அலசி, அந்த எண்ணெயை முழுவதும் பிழிந்தெடுக்காவிட்டால் மிச்ச எண்ணெய் உருஷியோடு கலந்து அது இறுகவே இறுகாது. தூரிகை மனிதத் தலைமுடியால் ஆனது. பலகைக்குள் நீளவாக்கில் முழுக்க முடி இருப்பதால் முனை தேய்ந்தால் மரத்தைச் சீவிப் புது முனை எடுக்கலாம். விலை அதிகம், ஆனால் பல ஆண்டு உழைக்கும். பயிற்சிக்குச் சீன உருஷி போதும். ஜப்பானிய உருஷி பல மடங்கு விலை.

நிஹோங்கா எனப்படும் ஜப்பானிய மரபு ஓவியத்துக்குப் போகிறவர்கள் நிகாவா என்ற விலங்குப் பசையோடு மல்லுக்கட்ட வேண்டும் (சைவர்கள் இதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது). பத்து கிராம் பசைக்கு நூறு மில்லி தண்ணீர் என்று தொடங்கலாம். இரவு முழுவதும் குளிர்ந்த நீரில் ஊறவிட்டு, மறுநாள் சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். கொதித்தால் ஒட்டும் சக்தி போய்விடும். கோடையில் குளிர்பெட்டியிலும் சில நாள்தான் தாங்கும். நாற்றம் வந்தால் கொட்டிவிடுங்கள். கல்லைப் பொடித்த வண்ணங்களுக்கு 5 முதல் 13 வரை எண் உண்டு, எண் கூடக் கூடத் துகள் நுண்மையாகும், நிறம் வெளுக்கும். பசை குறைந்தால் காய்ந்தபின் விரலில் பொடியாக வரும். கூடினால் நிறம் இருண்டு, வெடிப்பு விழும்.

மண்ணுக்குச் சுருக்கமாக: செய்த உருவம் சுட்டு முடிப்பதற்குள் 12 முதல் 15 விழுக்காடு சுருங்கும். சக்கரத்தில் அடித்தளத்தை விரலால் அழுத்தி இறுக்காவிட்டால் காயும்போது எஸ் வடிவ விரிசல் விழும். ஜப்பானில் சக்கரத்தை வலஞ்சுழியாக ஓட்டுவதே வழக்கம். இடஞ்சுழியில் பழகியவர்கள் முதல் மாதம் கையை மாற்றிப் பழக வேண்டியிருக்கும். சூளைக்கு முன்பதிவு உண்டு, நவம்பர் தாண்டினால் இடம் கிடைப்பது கடினம்.

ஏனென்றால் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கி, பட்டமளிப்புக் கண்காட்சி ஜனவரி, பிப்ரவரியில் வந்துவிடுகிறது. உருஷி மாணவர் அங்கிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும்: மெருகேற்ற டிசம்பர், மேல்பூச்சு அக்டோபர்-நவம்பர், துணி ஒட்டி மண்பூச்சு ஏற்றுவது கோடை, மர உருவம் மே மாதத்துக்குள். ஒவ்வொரு பூச்சுக்கும் இடையில் இறுகும் நாள்களைக் குறுக்க முடியாது. ஆகஸ்டில் வடிவத்தை மாற்ற ஆசைப்படுகிறவருக்கு ஆசிரியர் மறுப்புச் சொல்ல மாட்டார், நாள்காட்டியை எடுத்து முன்னால் வைப்பார்.