முப்பதாம் வசனம்

அந்த அம்மா என்னிடம் கேட்டது ஒரே ஒரு வாக்கியம். நான் சொன்ன பதிலும் ஒரே மூச்சில் முடிந்துவிட்டது. ஆராதனை முடிந்து வாசலில் நின்று கைகொடுத்து அனுப்பும் நேரம் அது. அவருக்குப் பின்னால் இன்னும் நாற்பது பேராவது வரிசையில் நின்றிருந்தார்கள். எனக்குச் சாதகமாக நான் சொல்லக்கூடிய சமாதானங்களில் இதுதான் மிகவும் பலவீனமானது என்று தெரிந்தும், ஒவ்வொரு முறையும் இதிலிருந்துதான் தொடங்குகிறேன்.

"ஐயா, ஒருத்தர் அபாத்திரமாய் எடுத்தால், அந்த வியாதி இன்னொருத்தர் மேல் வருமா?"

திருவிருந்தின் அப்பத்தையும் பாத்திரத்தையும் தகாத விதமாய் எடுப்பதைப் பற்றிய கேள்வி அது. வேதப்புத்தகத்தை மூடியிருந்தாலும், பெருவிரலை உள்ளே வைத்து அந்தப் பக்கத்தை விடாமல் பிடித்திருந்தார். அந்த விரலைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை இப்போது எழுதவே கூசுகிறது. வாசலில் பிரசங்கியாருக்குக் கிடைப்பது பெரும்பாலும் "நல்ல செய்தி ஐயா", "ஆசீர்வாதமாக இருந்தது ஐயா" என்ற இரண்டில் ஒன்றுதான். இங்கே ஒருவர் வசனத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, அதுவும் வியாக்கியானக்காரர்கள் விவாதிக்கும் ஒரு நுட்பத்தைத் தொட்டுக் கேட்கிறார். அந்த மகிழ்ச்சியில் சொன்னேன்:

"நல்ல கேள்வி அம்மா. அபாத்திரமாய் எடுத்தவர்கள்தான் வியாதிப்பட்டார்கள் என்று பவுல் எழுதவில்லை. 'உங்களில் அநேகர்' என்றுதான் எழுதுகிறார். சபை ஒரே சரீரம். ஆகவே ஒருவர் செய்த தவறின் விளைவை இன்னொருவர் சுமந்திருக்கலாம். அப்படி வாசிக்கவும் இடமிருக்கிறது."

"சரிங்க ஐயா" என்றார். விரலை எடுத்தார். போய்விட்டார்.

நான் அன்று பிரசங்கித்தது, கொரிந்து சபைக்கு அப்போஸ்தலன் பவுல் எழுதிய முதல் நிருபமான 1 கொரிந்தியரின் 11ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதி. பல சபைகள் பின்பற்றும் வாசக அட்டவணை, இயேசுவின் கடைசி இராப்போஜனத்தை நினைவுகூரும் பெரிய வியாழனுக்கு இந்த அதிகாரத்தின் 23ஆம் வசனத்தில் தொடங்கி 26ஆம் வசனத்தோடு நிறுத்திவிடுகிறது. "கர்த்தர் வருமளவும் அவருடைய மரணத்தைத் தெரிவிக்கிறீர்கள்" என்பதோடு வாசகம் இனிதே முடிந்துவிடும்; அடுத்து வருகிற அபாத்திரமும் ஆக்கினைத்தீர்ப்பும் யார் காதிலும் விழாது. வசனம் வசனமாகப் போதிக்கிறவன் என்று எனக்கு என்னைப் பற்றியே ஒரு மதிப்பு இருந்தது. "நாம் தாண்டிப் போகப்போவதில்லை" என்று பிரசங்க மேடையில் சொல்லவும் செய்தேன். தேவனுடைய ஆலோசனையில் ஒன்றையும் மறைக்காமல் அறிவித்தேன் என்று எபேசுவின் மூப்பர்களிடம் பவுல் சொன்னது, என்னைப் போன்றவர்களுக்கு வேண்டிய நேரத்தில் கைக்கு எட்டும் வசனம்.

அந்தப் பிரசங்கத்தின் நோக்கமே பயத்தைப் போக்குவதுதான் என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். 'அபாத்திரமாய்' என்ற சொல் நம்முடைய சபைகளில் எத்தனையோ பேரைத் திருவிருந்திலிருந்து துரத்தியிருக்கிறது. தமிழில் பாத்திரம் என்றால் கிண்ணமும் ஆகும், தகுதியும் ஆகும். ஒரே வசனத்தில் இரண்டும் அருகருகே வருவதால், கிண்ணத்தைத் தொடுவதற்கு முன் தகுதியைத் தேடும்படி மொழியே நம்மை உந்துகிறதோ என்று எனக்கு நெடுநாளாக ஒரு எண்ணம். ஆனால் பவுல் எழுதியது வினையுரிச்சொல். 'அபாத்திரனாய்' என்றல்ல, 'அபாத்திரமாய்' என்றுதான் நம் மொழிபெயர்ப்பும் சரியாகவே சொல்கிறது. எடுக்கிற ஆளைப் பற்றிய பேச்சே அங்கே இல்லை, எடுக்கிற விதத்தைப் பற்றியதுதான். கொரிந்துவில் வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டார்கள், ஒருவன் பசியாயிருந்தான், ஒருவன் வெறியாயிருந்தான். ரோமர் காலத்து வீட்டின் உணவறையில் மூன்று சாய்மஞ்சங்களில் ஒன்பது பேர் சாய்ந்து உண்ணலாம். மற்றவர்களுக்கு வெளி முற்றம்தான். அங்கே ஏழைகள் நின்ற நிலையை விவரித்துவிட்டு, பவுல் சொல்லும் தீர்வு "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்" என்பதுதான், விலகி நில்லுங்கள் என்பதல்ல என்று காட்டினேன். தன்னைச் சோதித்தறிந்து விலகிக்கொள்ளக்கடவன் என்றா எழுதியிருக்கிறது, சோதித்தறிந்து, புசித்து, 'பானம்பண்ணக்கடவன்' என்றல்லவா என்று கேட்டேன். இருபத்தைந்து நிமிடம் இதற்குத்தான் செலவழித்தேன்.

முப்பதாம் வசனத்துக்கு நான்கு நிமிடம். "இதினிமித்தம், உங்களில் அநேகர் பலவீனரும் வியாதியுள்ளவர்களுமாயிருக்கிறார்கள், அநேகர் நித்திரையும் அடைந்திருக்கிறார்கள்." வாசித்தேன், 'நித்திரை' என்றால் மரணம் என்று விளக்கினேன், இது சிட்சையே தவிர ஆக்கினை அல்ல என்று 32ஆம் வசனத்தைக் காட்டிவிட்டு நகர்ந்தேன். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவின் கணவருக்கு அடக்க ஆராதனை நடத்தியவன் நான்தான். அது அந்த நான்கு நிமிடத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை. வாசலில் அவர் விரல் இருந்த பக்கத்தைப் பார்த்தபோதும் வரவில்லை.

எங்கள் சபையில் திருவிருந்துத் தட்டு வரிசை வரிசையாகக் கை மாறிச் செல்லும். அதற்குப் பிறகு வந்த மாதங்களில் ஒரு நாள், அந்த அம்மா தட்டை வலப்பக்கத்திலிருந்து இரண்டு கைகளாலும் வாங்குவதையும், சின்னக் கிண்ணங்களில் ஒன்றும் தளும்பாதபடி மெதுவாக இடப்பக்கத்தில் இருந்தவரிடம் கொடுப்பதையும் பார்த்தேன். அவ்வளவு பக்குவமாகக் கொடுத்தார். எடுக்கவில்லை. அடுத்த மாதமும் அப்படியே. பந்தியில் கைவைக்காதவர்களைத் தேடிப் போய்க் காரணம் கேட்பதில்லை என்பது என் வழக்கம். மனச்சாட்சிக்குள் கால் வைப்பது மேய்ப்பனின் வேலை அல்ல என்று அதற்கு ஒரு காரணமும் வைத்திருக்கிறேன். காரணம் சரியானதுதான். ஆனால் அந்தச் சரியான காரணம் எனக்கு வசதியாகவும் இருந்தது.

யாருக்கோ ஒரு சான்றிதழ் எழுதுவதற்காக அடக்கப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அவர் கணவரின் பெயரும் அதன் கீழே என் கையெழுத்தும் கண்ணில் பட்டன. தேதியைப் பார்த்தேன். எங்களுக்குத் திருவிருந்து மாதத்தின் முதல் ஞாயிறு. அந்த அடக்கம் அதற்கு அடுத்த வியாழக்கிழமை. பதிவேட்டை மூடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இன்னொருத்தர் மேல் வருமா என்று அவர் கேட்டது எதைப் பற்றி என்று அப்போதுதான் விளங்கியது. கேள்வியின் வடிவில் வந்தது ஒரு பாவ அறிக்கை. நான் அதற்கு வியாக்கியானம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அதுவும், ஆம் என்று.

மறுநாளே அவர் வீட்டுக்குப் போனேன். அவர் முழுவதும் சொல்லவில்லை. "அந்த மாசம் மனக்கசப்போடேதான் எடுத்தேன் ஐயா" என்று மட்டும் சொன்னார். யாரோடு என்று நான் கேட்கவில்லை. பிறவிக் குருடனைப் பற்றிச் சீஷர்கள் "இவன் செய்த பாவமோ, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோ" என்று கேட்டதையும், இரண்டுமல்ல என்று இயேசு சொன்னதையும் எடுத்து வாசித்தேன். உங்கள் கணவரின் வியாதிக்கு நீங்கள் காரணம் அல்ல என்று, எந்த நிபந்தனையும் சேர்க்காமல் நேராகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அன்னைக்கு வேற மாதிரி சொன்னீங்களே ஐயா" என்றார்.

"அன்றைக்கு நான் வசனத்தைப் பற்றிச் சொன்னேன் அம்மா. இன்றைக்கு உங்களைப் பற்றிச் சொல்கிறேன்."

சொன்ன நேரத்தில் அது நல்ல பதிலாகவே பட்டது. அவர் சற்று யோசித்துவிட்டுக் கேட்டார்: "அப்போ அந்த வசனம் எனக்கு இல்லையா ஐயா?"

ஜெபித்துவிட்டு எழுந்தேன். பதில் இல்லாத இடத்தில் ஜெபித்துவிட்டு எழுவது எங்கள் ஊழியத்தில் எளிது. இதை ஏளனமாகச் சொல்லவில்லை, ஏளனம் முற்றிலும் இல்லாமலும் சொல்லவில்லை.

அந்த இரண்டாவது கேள்விதான் என்னை விட்டபாடில்லை. முதல் பதிலில் தவறு என்ன என்று எனக்குத் தெரியும்: யாரிடம் பேசுகிறேன் என்று பார்க்காமல் பேசினேன். 590ஆம் ஆண்டு ரோமின் பேராயரான கிரெகரி, மேய்ப்பர்களுக்காக எழுதிய நூலின் மூன்றாம் பகுதி முழுவதையும் இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார். துக்கத்தில் இருப்பவருக்குச் சொல்வது ஒன்று, களிப்பில் இருப்பவருக்குச் சொல்வது வேறு என்று முப்பதுக்கும் மேற்பட்ட இரட்டைகளை அடுக்கிக்கொண்டே போவார். குதிரையை அமைதிப்படுத்தும் மெல்லிய சீழ்க்கை நாய்க்குட்டியைக் கிளப்பிவிடும் என்பார். ஊழியத்துக்கு வந்த புதிதில் அதைப் படித்து அடிக்கோடிட்டவன் நான். துன்பத்துக்கு அவனுடைய பாவமே காரணம் என்று வாதிட்ட யோபுவின் நண்பர்களைப் பற்றியும் பிரசங்கித்திருக்கிறேன். அவர்களில் ஒருவனான எலிப்பாசு சொன்னது பொய் என்றால், "ஞானிகளை அவர்களுடைய தந்திரத்திலே பிடிக்கிறார்" என்று அவன் சொன்னதைப் பவுல் இதே கொரிந்தியர் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் வேதவாக்கியமாக எடுத்து எழுதியிருக்க மாட்டார். வாக்கியம் மெய்யானது. ஆனால் சாம்பலில் உட்கார்ந்திருந்த ஒருவனிடம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தவன் மேல்தான் கடைசியில் கர்த்தரின் கோபம் வந்தது.

ஆனால் அந்த அம்மாவின் இரண்டாவது கேள்வி இந்தப் பாடத்துக்குள் அடங்குவதாக இல்லை. ஆளைப் பார்த்துப் பேசு என்பது சரி. ஆளைப் பார்த்தபின் வசனத்தின் பொருளையே மாற்றிச் சொன்னேனா? 'உங்களில் அநேகர்' என்பதற்கு நான் வாசலில் சொன்ன அர்த்தத்தை இன்றும் நான் தவறென்று நினைக்கவில்லை. ஒரு அவயவம் பாடுபட்டால் எல்லா அவயவங்களும் கூடப் பாடுபடும் என்று அடுத்த அதிகாரத்திலேயே வருகிறது. அப்படியிருக்க, வீட்டில் உட்கார்ந்து அவ்வளவு உறுதியாக 'இல்லை' என்று சொல்ல எனக்கு என்ன அதிகாரம்? ஒரு அப்போஸ்தலன் ஒரு சபைக்கு, அந்தச் சபையின் நோயாளிகளை அறிந்து எழுதியதை வைத்துக்கொண்டு, வேறொரு மரணத்துக்குக் காரணம் சொல்லும் உரிமை எவனுக்கும் இல்லை என்று நியாயம் சொல்லலாம். அதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அப்படியானால் காரணம் அல்ல என்று சொல்லும் உரிமை மட்டும் எங்கிருந்து வந்தது என்று உள்ளே ஒரு குரல் கேட்கிறது. தெரியாது என்பதே என் நேர்மையான பதிலாக இருந்திருக்கும். தெரியாது என்ற சொல்லை அந்த வீட்டில் வைத்துவிட்டு வர எனக்கு மனமில்லை.

எசேக்கியா ராஜா நடத்திய பஸ்காவை, எகிப்திலிருந்து விடுதலையானதை நினைவுகூரும் அந்த விருந்தைப் பற்றி 2 நாளாகமம் 30ஆம் அதிகாரத்தில் வாசித்தது பிறகுதான் நினைவுக்கு வந்தது. எப்பிராயீம், மனாசே நாடுகளிலிருந்து வந்த அநேகர் தங்களைச் சுத்தம்பண்ணிக்கொள்ளாமல், எழுதியிருக்கிற பிரகாரமல்லாமல் பஸ்காவைப் புசித்துவிடுகிறார்கள். ராஜா அவர்களுக்காக விண்ணப்பம் செய்கிறான். கர்த்தர் அதைக் கேட்டு ஜனங்களைக் குணமாக்கினார் என்று எபிரெய மூலம் சொல்கிறது. முறைதவறிப் புசித்தவர்கள் வியாதிப்பட்டார்கள் என்கிற வசனமும் வேதத்தில் இருக்கிறது, முறைதவறிப் புசித்தவர்கள் குணமானார்கள் என்கிற வசனமும் அதே வேதத்தில் இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கலாம். வைத்திருந்தால் அவர் வாசலில் வேறு கேள்வி கேட்டிருப்பாரா என்று நான் கணக்குப் போடுவது வீண்.

பயிற்சிக்கு வரும் இளம் ஊழியர்களிடம், யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்லுமுன் 'ஏன் கேட்கிறீர்கள்' என்று கேளுங்கள் என்று இப்போது சொல்லிக்கொடுக்கிறேன். அதையும் முழு மனதோடு சொல்கிறேன் என்று சொல்ல முடியவில்லை. போன மாதம் ஒரு கல்லூரி மாணவி, இரட்சிக்கப்படுகிறவர்களைத் தேவன் முன்னமே தெரிந்துகொண்டார் என்னும் முன்குறிப்பைப் பற்றிக் கேட்டாள். ஏன் கேட்கிறாய் அம்மா என்று நான் கேட்டதும் அவள் முகம் சுருங்கியது. "தெரிஞ்சுக்கத்தான் ஐயா" என்றாள். ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் ஒரு காயத்தைத் தேடுகிறவன், கேள்வியைக் கேள்வியாக மதிக்காதவனாகிவிடுகிறான். அந்த அம்மாவை நான் ஒரு நல்ல வேத மாணவியாக மதித்ததும் பொய்யில்லை. அவர் வசனத்தைச் சரியாகத்தான் வாசித்திருந்தார்; என்னைவிட ஆழமாக வாசித்திருந்தார்.

போதகர்கள் அதிக ஆக்கினையை அடைவோம் என்று யாக்கோபு எழுதுகிறார். கிரேக்கத்தில் அங்கே வரும் சொல்லும், அபாத்திரமாய்ப் புசிக்கிறவன் தனக்கு வருவித்துக்கொள்ளும் ஆக்கினைத்தீர்ப்பைக் குறிக்கும் சொல்லும் ஒன்றே. பந்தியில் அபாத்திரமாய் உட்காருவது போலவே பந்திக்குப் பக்கத்தில் நின்று அபாத்திரமாய்ப் பேசுவதும் உண்டு போலிருக்கிறது. இதைப் பிரசங்கத்தில் சொன்னால் சபை தலையாட்டும். அதனால்தான் இதுவரை சொல்லவில்லை.

அந்த அம்மா இப்போது திருவிருந்து எடுக்கிறார். ஏறக்குறைய ஓராண்டுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்தார்; மூப்பர் ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது, அன்று நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பேச்சினாலா, வேறு எதனாலா என்று நான் கேட்கவில்லை. வாசலில் கைகொடுக்கும்போது "ஆசீர்வாதமாக இருந்தது ஐயா" என்கிறார். வேறு எதுவும் கேட்பதில்லை.

இந்த ஆண்டும் பெரிய வியாழனுக்கு அதே அதிகாரம். குறிப்பேட்டில் முதலில் 34 வரை என்று எழுதினேன், அடித்துவிட்டு 26 என்று எழுதினேன், இப்போது இரண்டு எண்களும் அங்கே இருக்கின்றன. எதில் நிறுத்தினாலும், அவர் மூன்றாவது வரிசையில் வேதப்புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என் வாசிப்பு நின்ற பிறகும் அவர் கண் அதே பக்கத்தில் கீழே இறங்கிப் போய்க்கொண்டிருக்கும்.