அந்த ஒரு எழுத்து இல்லாம

பிரெஞ்சு எனக்கு சுத்தமா தெரியாது, போன்ஜூர் மெர்சியோட சரி, அதனால பிரெத்தோன், கெனோ, பெரெக்னு பிரெஞ்சு எழுத்தாளர்கள் எல்லாரையும் இங்கிலீஷ் வழியாதான் படிச்சிட்டிருக்கேன். பிரெத்தோனோட 'நாஜா'ங்கற புத்தகம் (1928) 'நான் யார்?'னு ஆரம்பிக்கும். சரி ஏதோ தத்துவம் பேசப் போறாருனு தாண்டிப் போயிட்டேன், அப்புறம்தான் தெரிஞ்சுது, பிரெஞ்சுல அங்க வர்ற 'சுயி'ங்கற சொல்லுக்கு இருக்கேன்னும் அர்த்தம், பின்னாடி போறேன்னும் அர்த்தம். பாரிஸ் தெருவுல ஒரு பொண்ணோட அலையற கதைக்கு இதைவிட நல்ல முதல் வரி கிடைக்குமா, இங்கிலீஷ்ல அது அப்படியே போயிருச்சு. (அந்தப் பொண்ணு நிஜம். 1927ல மனநல மருத்துவமனையில சேர்த்தாங்க, 1941ல அப்படி ஒரு மருத்துவமனையிலயேதான் இறந்தாங்க. இது தெரிஞ்சப்புறம் பிரெத்தோன் மேல எனக்கு இருந்த மயக்கம் பாதி போச்சு.)

கெனோ கொஞ்ச நாள் பிரெத்தோனோட சர்ரியலிஸ்ட் கூட்டத்துல (கனவுல, மனசுல வர்றதை அப்படியே எழுதணும்னு சொன்னவங்க) இருந்துட்டு சண்டை போட்டு வெளிய வந்தவரு, 1960ல இன்னொருத்தரோட சேர்ந்து ஊலிபோனு ஒரு எழுத்தாளர் குழு ஆரம்பிச்சாரு, கனவுல வர்றதை எல்லாம் எழுதறதுக்கு நேர் எதிரா, நமக்கு நாமே ஒரு விதி போட்டுக்கிட்டு எழுதறது. நம்ம நிரோட்டகம் மாதிரி, உதடு ஒட்டாம பாடணும்னு ஒரு பிடிவாதம் இருக்குல்ல, அது.

அந்தக் கூட்டத்துல வந்தவருதான் பெரெக். 1969ல ஒரு முழு நாவலையும் ஏ பி சி டில அஞ்சாவதா வர்ற 'ஈ' இல்லாம எழுதினாரு, அஞ்சாவது அத்தியாயமும் கிடையாது. கில்பர்ட் அடேர் 1994ல அதை இங்கிலீஷ்ல கொண்டு வந்தாரு, அவரும் 'ஈ' இல்லாமயே. இங்கிலீஷ்ல 'தி' இல்ல, 'ஹி' இல்ல, 'ஷி' இல்ல, யோசிச்சுப் பாருங்க. முதல் இருபது பக்கம் நான் எழுத்தைத்தான் தேடிட்டிருந்தேன், கதையே ஏறல, ஒரு இடத்துலயாவது மாட்டுவாருனு.

வெறும் விளையாட்டுனுதான் நினைச்சேன், அவரோட வாழ்க்கை தெரியற வரைக்கும். பெரெக்கோட நாலு வயசுல அப்பா போர்ல செத்துட்டாரு, ஆறு வயசுல அம்மாவை நாஜிகளோட ஆஷ்விட்ஸ் வதை முகாமுக்குக் கொண்டு போயிட்டாங்க. பிரெஞ்சுல அந்த எழுத்தைச் சொல்ற சத்தமும் 'அவங்க'ங்கற சொல்லும் கிட்டத்தட்ட ஒண்ணாம், 'ஈ இல்லாம'னா 'அவங்க இல்லாம'. இங்கிலீஷ்ல இந்த சிலேடை வரல. ஆனா மதர், ஃபாதர்னு அங்கயும் எழுத முடியாது, பிரெஞ்சுல 'பேர்', 'மேர்' முடியாத மாதிரியே. குழந்தை கூப்பிடற 'பப்பா', 'மமான்' இருக்கே, அதுல மட்டும் அந்த எழுத்து இல்ல. பெரெக்குக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்.