அவர் கேட்டது என் அபிப்பிராயத்தை

டாக்டரைப் பார்க்க நோயாளிகளுக்குப் போனில் தேதி போட்டுக் கொடுப்பது என் வேலை. சட்டப்படி சொல்ல வேண்டியது எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். இந்த விஷயத்தை யாரிடம் பேச ஆரம்பித்தாலும் என் வாயில் முதலில் வருவது இதுதான், அதனால் இங்கேயும் அதையே முதலில் எழுதுகிறேன்.

அவர் ஒரு முன்னாள் ராணுவ வீரர். கண் ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க எங்கள் வி.ஏ. (அமெரிக்க அரசின் முன்னாள் ராணுவத்தினர் நலத் துறை) கிளினிக்கில் அவருக்குக் கிடைத்த முதல் தேதி 28 நாளைத் தாண்டியிருந்தது. தாண்டினால், வி.ஏ. செலவிலேயே வெளியே தனியார் டாக்டரிடம் போகலாம் என்று சொல்லியாக வேண்டும். 2018-இல் நிறைவேறிய மிஷன் சட்டமும் அதன் விதிகளும் அப்படி. சொன்னேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டார்: "தினமும் இதைத்தானே பார்க்கிறீங்க மேடம், நீங்களா இருந்தா எதை எடுப்பீங்க?"

"அது உங்க முடிவு சார்" என்றேன்.

வியட்நாம் போருக்குப் போய் வந்தவர். ராத்திரியில் கார் ஓட்டுவதை நிறுத்திவிட்டதாகப் பேச்சின் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். "சரி, அப்போ வெளியே போட்டுடுங்க" என்றார். போட்டேன்.

எனக்கு ஒரு அபிப்பிராயம் இருந்தது என்பதுதான் தொந்தரவு. அந்த மாதங்களில் வெளியே அனுப்பிய கண் கேஸ்கள் பல இழுத்துக்கொண்டே போயின. வெளி டாக்டரிடம் அனுப்பும் சீட்டான ரெஃபரல் தயாராக வேண்டும், வெளி மருத்துவத்தைக் கவனிக்கும் பிரிவுக்குப் போக வேண்டும், அவர்கள் நெட்வொர்க்கில் ஒரு டாக்டரைப் பிடிக்க வேண்டும், அந்த டாக்டரின் ஆபீஸ் ஒத்துக்கொள்ள வேண்டும், ரிப்போர்ட்டுகள் போய்ச் சேர வேண்டும். 28 நாள் என்ற கணக்கு எங்கள் காலண்டருக்கு மட்டும்தான். எங்களிடம் தாமதமானால் அவருக்கு வெளியே போகும் தகுதி வருகிறது. வெளியே எத்தனை நாள் ஆகும் என்பது அந்தக் கணக்கிலேயே வராது. இரண்டு சட்டையைக் காட்டி, ஒன்றில் மட்டும் விலையை ஒட்டிவைத்து, எது வேண்டும் என்று கேட்பது போலத்தான்.

ஆனால் அபிப்பிராயம் வேறு, தகவல் வேறு. அதே சமயத்தில் வெளியே போன ஒரு பெண்மணிக்குச் சீக்கிரமே கிடைத்து, நன்றி சொல்ல எனக்குப் போன் செய்தார். "இங்கேயே இருங்க" என்று இவரிடம் நான் சொல்லி, இவருக்கும் வெளியே அடுத்த வாரமே கிடைத்திருக்கும் என்றால்? அதற்கு யார் பதில் சொல்வது?

இதற்கு மேல் இன்னொரு காரணமும் உண்டு. எங்களைப் போன்ற ஸ்கெட்யூலர்கள் வாயைத் திறக்கக் கூடாது என்று நினைக்க நியாயமான வரலாறு இருக்கிறது. 2014-இல் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் வி.ஏ. மருத்துவமனை விவகாரம் வெடித்தது. அங்கே 226 பேரை எடுத்துப் பார்த்த, வி.ஏ.-வையே தணிக்கை செய்யும் இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம், முதல் அப்பாயின்ட்மென்டுக்கு அவர்கள் சராசரியாக 115 நாள் காத்திருந்ததைக் கண்டுபிடித்தது. மருத்துவமனை காட்டிய கணக்கு 24 நாள். குறைந்தது 1,700 பேர் காத்திருப்போர் பட்டியலிலேயே இல்லை. தந்திரம் ரொம்ப எளிது. முதலில் எந்தத் தேதி காலியாக இருக்கிறது என்று பார்ப்பது, பிறகு அதையே 'நோயாளி விரும்பிய தேதி' என்று பதிவது. காத்திருந்த நாள் பூஜ்யம். 14 நாளுக்குள் பார்க்க வேண்டும் என்ற இலக்கு அதிகாரிகளின் மதிப்பீட்டோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது, அப்புறம் என்ன நடக்கும்? மே 30 அன்று துறைச் செயலர் எரிக் ஷின்செகி பதவி விலகினார். அவரும் வியட்நாம் போருக்குப் போய் வந்தவர்தான், அங்கே காயம்பட்டவர்.

ஆகஸ்டில் சாய்ஸ் சட்டம் வந்தது. 30 நாளுக்கு மேல் காத்திருந்தாலோ, வி.ஏ. மருத்துவ இடத்திலிருந்து 40 மைலுக்கு அப்பால் குடியிருந்தாலோ வெளியே போகலாம் என்பது அப்போதைய விதி. அந்த 40 மைலை ஆரம்பத்தில் நேர்கோட்டில் அளந்தார்கள். அடுத்த வருஷம்தான் சாலைத் தூரத்துக்கு மாற்றினார்கள். சட்டம் எழுதுகிறவர்களுக்கு எண் ஒன்று கையில் கிடைத்துவிட்டால் போதும் என்று எனக்கு எப்போதும் தோன்றும். 2016-இல் இன்னொரு சட்டம், முன்னாள் ராணுவத்தினர் தாங்களே இணையத்தில் தேதி போட்டுக்கொள்ள ஒரு சோதனைத் திட்டம் நடத்தச் சொன்னது. நடுவில் ஸ்கெட்யூலரே இல்லாவிட்டால் திருட்டும் இல்லை, சரிதான். அவர் என்னிடம் கேட்ட கேள்வியை ஒரு திரையிடம் கேட்டிருக்கவும் முடியாது.

ஆக, "இங்கேயே இருங்க" என்று நான் சொல்லியிருந்தால் அது எப்படிக் கேட்கும்? கணக்கைக் காப்பாற்ற வி.ஏ. ஆள் வளைக்கிறாள் என்றுதான் கேட்கும். இரண்டையும் நடுநிலையாகச் சொல், எந்தப் பக்கமும் சாயாதே என்று எங்களுக்குப் பயிற்சி தந்ததும் அதனால்தான். அது தப்பு என்று இன்றும் நினைக்கவில்லை. ஆனால் அவர் கேட்டது அலுவலகத்தை அல்ல, என்னை. அந்த வித்தியாசம் எனக்கு அப்போதே தெரிந்திருந்தது.

வெளியே அவருக்குத் தேதி கிடைத்தபோது எங்களிடம் இருந்த தேதி கடந்து வெகு நாளாகியிருந்தது. நடுவே ஒருமுறை போன் செய்தார், கோபமே இல்லாமல். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பக்கத்து மேஜைத் தோழியிடம் சொன்னேன். "உனக்குத் தெரிந்ததைச் சொல்வதில் என்ன சாய்வு?" என்றாள். எனக்கு என்ன தெரியும் என்பதுதானே பிரச்சினை என்றேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த அழைப்பை எடுத்தாள்.

அடுத்த முறை யாராவது அப்படிக் கேட்டால், "இது என் சொந்த அபிப்பிராயம்" என்ற முன்னுரையோடு சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். இது விதியை மீறுவதா, இல்லை விதியின் நோக்கத்தைக் காப்பதா என்று வீட்டில் பாத்திரம் கழுவும்போதெல்லாம் எனக்குள்ளே வாதாடி, இரண்டு பக்கமும் ஜெயித்திருக்கிறேன்.

பல மாதம் கழித்து அவரே மறுபடி அழைத்தார். இந்த முறை காது. எங்கள் தேதி மீண்டும் 28 நாளுக்கு வெளியே. காது டாக்டர்கள் அந்தச் சமயம் வெளியே சீக்கிரம் கிடைத்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கேட்டால் வெளியே போகச் சொல்லியிருப்பேன். வழக்கமான வாசகங்களைச் சொல்லிவிட்டு, கேட்பார் என்று சற்று நிறுத்தினேன்.

"வேண்டாம் மேடம், இங்கேயே போடுங்க" என்றார். எங்கள் தேதியையே போட்டுக் கொடுத்தேன்.