அரியணையில் அமர்பவர்கள்: ஒரு சீனத் தொடர் நாட்குறிப்பு

2024 ஜூன் 9

'ஜாய் ஆஃப் லைஃப்' தொடரின் இரண்டாம் பருவத்தை, 36 பகுதிகளையும், இன்று பார்த்து முடித்தேன். முதல் பருவம் 2019 நவம்பரில் வந்தது. அடுத்தது கடந்த மே 16 அன்றுதான் வெளியானது. கதாநாயகன் ஃபான் சியன், நம் காலத்து நினைவுகளோடு ஒரு கற்பனைப் பேரரசில் பிறந்தவன். ஜாங் ருவோயுன் அவனைக் குறும்பும் கசப்பும் கலந்து சிறப்பாகவே நடிக்கிறார். ஆனால் திரையில் சென் தாவோமிங் வந்துவிட்டால் மற்ற எவர் மீதும் என் கண் நிலைப்பதில்லை.

அவர் நடிக்கும் பேரரசர் பெரும்பாலான காட்சிகளில் மகுடமின்றி, முடியை வாரி முடியாமல், தளர்ந்த அங்கியோடு இருக்கிறார். அம்பு முனைகளைத் தீட்டிக்கொண்டே எதிரே நிற்பவர்களிடம் பேசுகிறார். மிரட்டும் குரல் இல்லை, கண்களை உருட்டுவதும் இல்லை. ஆயினும் இளவரசர்களும் அமைச்சர்களும் அந்த அறைக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறார்கள் என்பதை நாம் நம்புகிறோம். இந்தப் பருவத்தில் லாய் மிங்செங் என்ற நேர்மையான அதிகாரி, அவையில் மன்னனின் முகத்துக்கு நேரே குறைகளைச் சொன்னதற்காகத் தடியால் அடித்தே கொல்லப்படுகிறார். அந்தக் கட்டளையைப் பிறப்பிக்கும்போதும் சென் தாவோமிங்கின் முகத்தில் சினத்தைவிடச் சலிப்பே மிகுந்து தெரிகிறது.

அரண்மனைத் தொடர்களை எடைபோட என்னிடம் ஒரே ஓர் அளவுகோல்தான் உண்டு. நாயகனையும் நாயகியையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு, பேரரசராக வருபவர் எப்படி இருக்கிறார் என்று பார்ப்பேன். இக்கதைகளில் எல்லாச் சூழ்ச்சியும் எல்லா மௌனமும் அவர் ஒருவரை மனத்தில் வைத்தே நடக்கின்றன. அவர் வெறும் ஆடையும் தாடியுமாக இருந்துவிட்டால் மற்றவர்களின் அச்சம் பொய்யாகிவிடும்.

2024 ஜூன் 13

சென் தாவோமிங் அரியணைக்குப் புதியவர் அல்லர். 1988இல் வந்த தொலைக்காட்சித் தொடரில் கடைசிப் பேரரசர் பூயியாக நடித்தார் (பெர்தொலூச்சியின் திரைப்படம் வேறு, இது வேறு). 2001இல் 'காங்ஷி டைனஸ்டி' தொடரில் சிங் வம்சத்துப் பேரரசர் காங்ஷி; மறு ஆண்டு 'ஹீரோ' திரைப்படத்தில் சின் மன்னர்; 2012இல் ஹான் வம்சத்தை நிறுவிய லியு பாங். இரண்டு வயதில் முடிசூட்டப்பட்டு, பின்னர் எல்லாவற்றையும் இழந்து, சாதாரணக் குடிமகனாக இறந்த ஒருவரில் தொடங்கி, எவராலும் அசைக்க முடியாத ஒரு கற்பனைப் பேரரசரில் வந்து நிற்கும் இந்த வரிசை எனக்கு வியப்பளிக்கிறது.

இவற்றில் அதிகம் பகிரப்படுவது, முதிய காங்ஷி தம் அமைச்சர்களை நிற்க வைத்து வசைபாடும் காட்சி. நாட்டின் நோய் எல்லையில் இல்லை, இந்த அவையிலேயே இருக்கிறது என்று அவர் முழங்குவது மேடை நடிப்பின் உச்சம் என்பதில் எனக்கு ஐயமில்லை. என்றாலும், அம்பு தீட்டும் மன்னரின் தணிந்த குரல்தான் என்னை அதிகம் நடுங்கச் செய்கிறது. லியு பாங் மட்டும் அவருக்கு ஒட்டவில்லை. குடியும் கூத்துமாகத் திரிந்த ஒரு சிற்றூர்ச் சிறு அதிகாரி பேரரசனான கதை அது. சென் தாவோமிங் நிற்கும் தோரணையிலேயே படித்தவரின் களை வந்துவிடுகிறது.

2024 ஜூன் 19

அம்பு தீட்டும் மன்னரைப் பார்த்ததும் நினைவில் எழுந்தவர் மிங் வம்சத்து ஜியாஜிங் பேரரசர். ஆகவே 2007இல் வெளியான 'மிங் டைனஸ்டி 1566' தொடரை மறுபடியும் தொடங்கியிருக்கிறேன். லியு ஹெபிங் எழுதி ஜாங் லி இயக்கிய இந்த 46 பகுதித் தொடர் முதலில் ஒளிபரப்பானபோது அதிகம் பேர் பார்க்கவில்லை. பத்தாண்டுகள் கழித்து, 2017இல் இணையத்தில் மீண்டும் வந்த பிறகே இதன் புகழ் பரவியது. காரணத்தை ஊகிப்பது கடினமன்று: காதல் இல்லை, போர் மிகக் குறைவு, பாதித் தொடர் அரசுக் கருவூலத்தின் பற்றாக்குறையைப் பற்றியது. வெளிநாட்டு வணிகர்களுக்குப் பட்டு விற்று அந்தப் பற்றாக்குறையை அடைக்க, ஜெஜியாங் மாகாணத்து உழவர்களின் நெல்வயல்களை மல்பெரித் தோட்டங்களாக மாற்ற வேண்டும் என்று அரசு முடிவெடுக்கிறது. உழவர்கள் மறுக்க, வயல்களை அடிமாட்டு விலைக்கு வாங்குவதற்காக அதிகாரிகள் அணைக்கரையை உடைத்து ஊர்களை மூழ்கடிக்கிறார்கள். நிலம் எவ்வாறு கைமாறுகிறது, அந்தப் பணத்தில் எந்தப் பங்கு யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதை இவ்வளவு பொறுமையாகக் காட்டிய வேறொரு தொடரை நான் அறியேன்.

தொடக்கக் காட்சியிலேயே, பீஜிங்கில் பனி பெய்யாததற்கு ஆட்சியின் குறையே காரணம் என்று சொன்ன வானியல் அதிகாரி ஒருவர் அரண்மனை வாயிலில் அடித்துக் கொல்லப்படுகிறார். 'ஜாய் ஆஃப் லைஃப்' தொடரின் லாய் மிங்செங் இவருடைய வழித்தோன்றல் என்பது என் கணிப்பு.

ஜியாஜிங்காக நடிப்பவர் சென் பாவ்குவோ. 1542இல் அரண்மனைப் பணிப்பெண்கள் கழுத்தை நெரித்துக் கொல்ல முயன்ற பிறகு, உண்மையான ஜியாஜிங் மேற்குப் பூங்கா அரண்மனைக்குக் குடிபெயர்ந்து, தாவோ வழிபாட்டிலும் சாகா மருந்து காய்ச்சுவதிலும் மூழ்கி, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக முறையான அவையைக் கூட்டாமலே ஆண்டார். தொடரில் அமைச்சர்கள் முன்கூடத்தில் நிதிக் கணக்கைப் பற்றிச் சண்டையிடுகிறார்கள். மன்னர் திரைக்குப் பின்னால் தியானத்தில் அமர்ந்தபடி கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒப்புதல் என்றால் அருகிலிருக்கும் வெண்கலக் கிண்ணத்தைக் கோலால் ஒரு தட்டுத் தட்டுகிறார். ஓசை வராவிட்டால், அதற்கு என்ன பொருள் என்று அமைச்சர்கள்தாம் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். நடிகருக்கு முகமே காட்டாத ஒரு காட்சியைக் கொடுத்து அதில் அச்சத்தை விளைவிப்பது எழுத்தாளரின் துணிவு.

2024 ஜூன் 24

ஜியாஜிங்கை எனக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான். தெளிந்த யாங்சியும் கலங்கிய மஞ்சளாறும் இரண்டுமே வயல்களுக்குப் பாய்கின்றன. கலங்கலாக இருப்பதற்காக மஞ்சளாற்றை ஒதுக்கிவிட முடியாது என்று அவர் ஓரிடத்தில் விளக்குகிறார். ஊழல் அமைச்சர் யான் சோங்கை ஏன் அத்தனை ஆண்டுகள் வைத்திருந்தார் என்பதற்கான விடை அது. யான் சோங்காக வரும் நி தாஹோங், பாதிக் கண் மூடிய கிழவராக, ஒவ்வொரு சொல்லுக்கும் முன் நெடுநேரம் காத்திருந்து பேசுகிறார். தள்ளாமையையே அவர் தற்காப்பாகப் பயன்படுத்துவதை இம்முறைதான் முழுமையாகக் கவனித்தேன்.

இறுதியில் ஹாய் ருய் என்ற அதிகாரி வருகிறார். 1566இல் மன்னரின் தவறுகளை வரிசையாக அடுக்கி ஒரு மனுவை அனுப்பிவிட்டு, தமக்கான சவப்பெட்டியையும் வாங்கி வைத்துவிட்டுக் கைதுக்குக் காத்திருந்ததாக வரலாற்று நூல்கள் சொல்லும் அதே ஹாய் ருய். ஹுவாங் ஜிஜோங் இவரை எளிதில் விரும்பத்தக்கவராக ஆக்கவில்லை. முரட்டுத்தனமும் சிரிப்பே அறியாத நேர்மையும் கொண்ட, வீட்டாருக்குக்கூடப் பாரமான மனிதராகவே காட்டுகிறார்.

இந்தக் கதையைச் சீனத் திரையில் சொல்வது சாதாரண செயல் அன்று. வரலாற்றாசிரியர் வூ ஹான் எழுதி 1961இல் மேடையேறிய, ஹாய் ருய்யின் பதவி நீக்கத்தைப் பற்றிய நாடகத்தைத் தாக்கி 1965 நவம்பரில் வெளிவந்த கட்டுரைதான் பண்பாட்டுப் புரட்சியின் முதல் பொறி. வூ ஹான் 1969இல் சிறையிலேயே இறந்தார். ஜியாஜிங் காலத்துச் சிறையைவிடக் கொடியதாக அது அமைந்தது என்று சொல்லலாம். ஹாய் ருய்யாவது மன்னர் இறந்ததும் விடுதலை பெற்றார்.

2024 ஜூலை 1

ஒரே பேரரசர், இரண்டு தொடர்கள். 1999இல் வந்த 'யோங்செங் டைனஸ்டி' தொடரில் தாங் குவோசியாங் நடிக்கும் யோங்செங், ஊழலை ஒழிக்க இரவு பகலாக உழைத்து, கோப்புகளிடையே தேய்ந்து மறையும் சீர்திருத்தவாதி. 2011இல் வந்த 'எம்ப்ரஸஸ் இன் த பேலஸ்' தொடரில் சென் ஜியன்பின் நடிக்கும் அதே யோங்செங், ஐயமும் தன்னலமும் நிறைந்த கணவர். பின்னதன் மூல நாவலில் மன்னர் கற்பனை வம்சத்தைச் சேர்ந்தவர். தொடராக்கியபோதுதான் கதையைச் சிங் காலத்துக்கு, யோங்செங்கின் அந்தப்புரத்துக்கு, மாற்றினார்கள்.

கதாநாயகி ஜென் ஹுவானாக நடிக்கும் சுன் லியைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். அவர் பெற்ற பாராட்டில் ஒரு பகுதி, அவருக்குப் பின்னணிக் குரல் கொடுத்த ஜி குவான்லினுக்குச் சேர வேண்டும் என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன். சென் ஜியன்பினைப் பற்றித்தான் போதிய அளவு பேசப்படவில்லை. அழகற்றவர், வயதானவர், இவருக்காகவா இத்தனை பெண்கள் அடித்துக்கொள்கிறார்கள் என்று கேலி செய்வோர் உண்டு. அந்தக் கேலியிலேயே விடையும் இருக்கிறது என்பேன். அவர் மீது ஆசைப்பட்டா அந்தப் பெண்கள் போராடுகிறார்கள்? அவர் ஒருவரின் மனநிலையில் அவர்களுடைய குடும்பங்களின் உயிர் தொங்குகிறது. அழகான இளைஞரை அங்கே அமர்த்தியிருந்தால் இது காதல் கதையாகச் சுருங்கியிருக்கும்.

ஜியாங் சின் நடிக்கும் ஹுவா ஃபெய், மன்னரின் துணைவியருள் ஒருத்தி, இதற்குச் சான்று. தனக்கு மட்டுமே மன்னர் பரிசளித்ததாக அவள் பெருமைப்பட்ட நறுமணப் பொடியில், கருத்தரிக்காமல் தடுக்கும் கஸ்தூரி கலந்திருந்தது. படைத்தளபதியான அவளுடைய அண்ணன் மீது மன்னருக்கிருந்த அச்சமே காரணம். சுவரில் தலையை மோதி அவள் இறப்பதற்கு முன் சிரிக்கும் சிரிப்பைப் பலர் மெச்சுவார்கள். முந்தைய பகுதிகளுக்குத் திரும்பிப் போய், அவளை அணைத்துக்கொண்டிருக்கும் வேளைகளில் சென் ஜியன்பினின் கண்களைப் பாருங்கள்: அன்பும் இருக்கிறது, அந்தப் பொடியைக் கொடுத்தவரின் கணக்கும் இருக்கிறது.

2024 ஜூலை 5

பெண் பேரரசர் வூ செடியனைப் பற்றிய 'த எம்ப்ரஸ் ஆஃப் சைனா'வில் சில பகுதிகள் பார்த்தேன். 2014 டிசம்பரில் ஒளிபரப்பைத் திடீரென நிறுத்தி, புத்தாண்டில் மீண்டும் தொடங்கியபோது, நடிகைகளின் மார்புக்கு மேலாகச் சட்டகத்தை வெட்டி, வெறும் தலைகளாகக் காட்டிய தொடர் இது. ஃபான் பிங்பிங்கின் ஆடைகளுக்குச் செலவழித்ததில் பாதியைத் திரைக்கதைக்குச் செலவழித்திருக்கலாம். 1995 தொடரில் லியு சியாவ்சிங் இளம்பெண்ணிலிருந்து எண்பது வயதைத் தாண்டிய கிழவி வரை தாமே நடித்தார். அதில் அவருடைய கணவராக, நலிந்த மன்னராக வந்தவர் நம் சென் பாவ்குவோதான்.

2024 ஜூலை 14

'நிர்வாணா இன் ஃபயர்' (2015, 54 பகுதிகள்). கதாநாயகன் மெய் சாங்சூவாக நடிக்கும் ஹூ கெயை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 2006ஆம் ஆண்டுக் கார் விபத்தில் முகம் சிதைந்து, பல அறுவைச் சிகிச்சைகளுக்குப் பின் மீண்டு வந்த நடிகர், முகமும் பெயரும் மாறி உயிர்த்தெழுந்து வரும் ஒருவனாக நடிக்கும்போது அதன் கனம் பார்வையாளருக்கு விளங்காமல் போகாது. ஆனால் அந்தத் தொடரின் இறுதி, லியாங் பேரரசராக நடிக்கும் திங் யோங்தாயின் கையில்தான் இருக்கிறது.

பழைய துரோகத்தைப் பற்றிய வாக்குமூலம் மன்னரின் பிறந்தநாள் விழாவில், அவை நிறைந்திருக்கும்போது படிக்கப்படுகிறது. மறுவிசாரணை வேண்டும் என்று ஒவ்வோர் அதிகாரியாக முன்வந்து வணங்குகிறார்கள். திங் யோங்தாய் முதலில் கத்துகிறார், பிறகு அச்சுறுத்துகிறார், அதன்பின் தம் பக்கம் நிற்க எவராவது எஞ்சியிருக்கிறார்களா என்று கூடத்தைச் சுற்றிப் பார்க்கிறார். எழுபதாயிரம் வீரர்களையும் தம் மூத்த மகனையும் பலிகொடுத்த மனிதர் மீது அந்த நொடியில் இரக்கம் வந்துவிடுகிறது, வரக்கூடாது என்று நாம் நினைத்தாலும். மெய் சாங்சூவைத் தனியே சந்திக்கும்போது அவர் பழைய நாட்களைச் சொல்லிக் கெஞ்சுவது வருத்தத்தாலா, தந்திரத்தாலா என்பதை நடிகர் கடைசிவரை முடிவு செய்து தரவில்லை.

2024 ஜூலை 21

அக்கா மகள் ஊரிலிருந்து வந்திருக்கிறாள். 'த அன்டேம்ட்' பார்த்துச் சீனத் தொடர்களுக்குள் நுழைந்தவள். சியாவ் ஜானுக்கும் வாங் யிபோவுக்கும் மேல் நடிகர் உண்டா என்று கேட்பவள். "சித்தி, நீங்க சொல்ற கிழவர் வந்தா நான் ஓட்டிவிட்டுடுவேன்" என்றாள். அவளோடு சேர்ந்து, 2018இல் ஒரு மாத இடைவெளியில் வெளிவந்த, சிங் பேரரசர் சியன்லோங்கைப் பற்றிய இரண்டு தொடர்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். 'யான்ஷி பேலஸ்' தொடரில் வில்லியாக முடியும் அதே பேரரசி, 'ரூயி'யில் கதாநாயகி. 1765இல் தலைமுடியை வெட்டிக்கொண்டு மன்னரின் சினத்துக்கு ஆளாகி, அடுத்த ஆண்டு உரிய மரியாதையின்றிப் புதைக்கப்பட்ட வரலாற்றுப் பெண்ணை இரண்டு கதைகளும் இரண்டு பக்கத்திலிருந்து பார்க்கின்றன.

நியே யுவானின் சியன்லோங் கோபித்துக்கொள்வதில் ஒரு வேடிக்கை இருக்கிறது, பொழுது போகிறது. வாலஸ் ஹுவோவின் சியன்லோங்கைத்தான் எனக்குத் தாங்க முடியவில்லை. ஒவ்வொரு முறையும் தாமே காயம்பட்டவர் போல முகத்தை வைத்துக்கொண்டு மனைவிக்குத் தண்டனை தருகிறார். 87 பகுதிகளில் அவர் மெல்ல மெல்லச் சிறுமைப்படுவதைக் காட்டுவதே இயக்குநரின் நோக்கமாக இருந்திருக்கலாம். அப்படியானால் வெற்றிதான், ஆனால் அவரைக் கண்டு எவரும் அஞ்சுவதாக நான் ஒரு பகுதியிலும் நம்பவில்லை. ரூயியாக நடிக்கும் ஜோ சுன் தம் கரகரத்த குரலோடு தனியாகவே அந்தத் தொடரைச் சுமக்கிறார்.

அடுத்து எதைப் பார்ப்பது என்று கேட்டாள். 'மிங் டைனஸ்டி 1566' என்று சொன்னால் முதல் பகுதியின் வரவுசெலவு விவாதத்திலேயே எழுந்து போய்விடுவாள். எனவே 'நிர்வாணா இன் ஃபயர்' தொடரைப் போட்டுக் கொடுத்தேன், பிறந்தநாள் விழாக் காட்சியை மட்டும் ஓட்டிவிடக் கூடாது என்ற நிபந்தனையோடு.