பழைய மங்கும் பீங்கான் சுவிட்சும்: ஆறு மாத வேலையின் குறிப்பு

தை மாதக் கடைசியில் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு நான் போனது ஒரு மரப்பெட்டி வாங்குவதற்காக. வீடு திரும்பியபோது கையில் இருந்தவை இரண்டு பூச்சாடிகள், நான்கு பீங்கான் குமிழ்கள், பித்தளைத் தொப்பி போட்ட எட்டுப் பழைய சுவிட்சுகள். மதுரையில் இரண்டாம் மாடியில் இருக்கும் எங்கள் வீட்டு வரவேற்பறையில் இவற்றுக்கு இடம் கண்டுபிடிக்க ஆடி மாதம் வரை ஆகிவிட்டது.

செட்டிநாட்டில் பீங்கானுக்கு மங்கு என்று பெயர். நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் வட்டித்தொழில் நடத்திய காலத்தில் ஊருக்குக் கொண்டுவந்த மங்குச் சாமான்கள், பெண்ணுக்குக் கொடுக்கும் சீரில் பித்தளை, இனாமல் பாத்திரங்களோடு சேர்ந்து அறை அறையாக அடுக்கப்பட்டிருந்தன. பெரிய வீடுகள் இடிக்கப்படும்போதும் பங்கு பிரிக்கப்படும்போதும் அவை இந்தத் தெருக் கடைகளுக்கு வந்து சேருகின்றன. கடையில் எல்லாவற்றையும் பீங்கான் என்றுதான் சொல்வார்கள். ஆனால் மேலே பழுப்பும் கீழே வெள்ளையுமாக இருக்கும் ஊறுகாய் ஜாடி அசல் பீங்கான் அன்று, அது கெட்டியாகச் சுட்ட வேறு வகை மண்பாண்டம். அசல் பீங்கான் வெண்களிமண்ணை ஏறத்தாழ 1300 டிகிரி வெப்பத்தில் சுட்டு, உள்ளே பாதி கண்ணாடியாகவே மாறிப்போன பொருள். அதனால்தான் மெல்லிய சாடியை வெயிலுக்கு எதிரே பிடித்து உள்ளே பார்த்தால், வெளிப்புறம் ஓடும் விரலின் நிழல் தெரிகிறது. நகத்தால் சுண்டினால் கிண்ணென்று ஒலி நீள வேண்டும். நான் வாங்கிய நீல வெள்ளைச் சாடி டொக்கென்று அடங்கியது. கழுத்திலிருந்து தோள்வரை இறங்கிய மயிரிழை விரிசல் ஒன்றைத் தெருவில் இறங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்த பிறகுதான் கண்டேன். அது தெரிந்தேதான் வாங்கினேன், விலையும் அதற்கேற்ப இறங்கியது.

இன்னொரு சாடியில் செவ்வந்திப் பூக்களும், வாய் விளிம்பில் பொன் கோடும் இருந்தன. “நூத்தம்பது வருஷத்துச் சாமான்ணே, பர்மாவிலேருந்து வந்தது” என்றார் கடைக்காரர். கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஆங்கிலத்தில் ‘மேட் இன் ஜப்பான்’ என்று இருந்தது. 1890-இல் அமெரிக்கா கொண்டுவந்த சுங்கச் சட்டம், இறக்குமதிச் சரக்கில் எந்த நாட்டில் செய்தது என்பதை ஆங்கிலத்தில் பொறிக்கச் சொன்னது. ஜப்பானியர் முதலில் ‘நிப்பான்’ என்று பொறித்தார்கள்; 1921-க்குப் பிறகு அந்தச் சொல்லை ஏற்க அமெரிக்கச் சுங்கம் மறுத்ததால் ‘ஜப்பான்’ என்று மாற்றினார்கள். இந்தியாவுக்கு வந்த சரக்கை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது என்றாலும், முத்திரையில் ‘ஜப்பான்’ என்ற சொல் இருந்தால் பெரும்பாலும் 1921-க்குப் பிந்தையது என்று கொள்ளலாம். இந்தியாவின் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் பொதுவாக நூறாண்டு கடந்த பொருளையே தொல்பொருள் என்கிறது. எனவே இதைத் தொல்பொருள் என்று சொல்லத் துணிவில்லை. பழைய சாமான் என்பதே பொருத்தம். இதை விளக்கியபோது கடைக்காரர் சிரித்துக்கொண்டே, 4,500 ரூபாய் சொன்னதை 2,800-க்குக் கொடுத்தார். நீலச் சாடியின் அடியில் இருந்த நான்கு சீன எழுத்துகள் காங்சி பேரரசர் காலத்தைக் குறிப்பவை. அவர் ஆட்சி 1722-இல் முடிந்தது. பின்னால் வந்த குயவர்கள் முன்னோர் வேலைமீது வைத்த மதிப்பினாலும், சில வேளை விற்பனைக்காகவும் அதே எழுத்துகளைத் தங்கள் சாடிகளில் எழுதி வந்ததால், அந்த முத்திரையைக் கொண்டு வயதைச் சொல்ல முடியாது. நானும் அதை நம்பி வாங்கவில்லை. பட்டுப் பின்னல்போல் நீலத்தில் சுற்றிய கொடியின் தூரிகை ஓட்டம் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

மாசியில் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன், முதல் நாளே ஒரு தவறு செய்தேன். பொன் விளிம்பில் படிந்திருந்த கருப்பைப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் லேசாகத் தேய்த்தேன். கருப்போடு பொன்னும் ஒரு விரல் நீளத்துக்கு வந்துவிட்டது. பொன் கோடும் பல வண்ணப் பூக்களும், மெருகு எனப்படும் கண்ணாடிபோன்ற பூச்சிட்டுச் சுட்ட பின் அதன் மேல் தீட்டிக் குறைந்த சூட்டில் மறுபடி சுடப்பட்டவை. பாதுகாக்க மேலே எதுவும் இல்லை. நீல வெள்ளைச் சாடியில் கோபால்ட் நீலம் மெருகுக்குக் கீழே இருப்பதால் அந்தப் பயம் கிடையாது. ஆகவே ஜப்பான் சாடியை அதன் பிறகு வெதுவெதுப்பான நீரும் மென்மையான துணியும் தவிர எதனாலும் தொடவில்லை. நீலச் சாடியின் விரிசலில் ஏறியிருந்த பழுப்புக் கறைக்கு, மருந்துக்கடையில் புண் கழுவக் கிடைக்கும் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை வாங்கி, கையுறை போட்டுக்கொண்டு, மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் ஐந்து நாள் ஊறவைத்தேன். துணி வெளுக்கும் குளோரின் திரவம் விலை குறைவுதான். ஆனால் அது விட்டுச்செல்லும் உப்பு விரிசலுக்குள் படிகமாகி மெருகையே செதிலாகத் தூக்கிவிடக் கூடியது. ஐந்தாம் நாள் எடுத்தபோது பழுப்பு வைக்கோல் நிறத்துக்கு இறங்கியிருந்தது. பிறகு மூன்று நாள் நல்ல நீரை மாற்றி மாற்றி ஊறவைத்து நிழலில் உலர்த்தினேன். கறை முழுவதும் போகவில்லை. போக வேண்டும் என்றும் தோன்றவில்லை.

சுவிட்சுகள்தான் அதிகம் யோசிக்க வைத்தன. அடியில் வெள்ளைப் பீங்கான் கட்டை, மேலே திருகிக் கழற்றும் பித்தளைத் தொப்பி, நடுவில் மேலும் கீழும் போகும் சிறு குச்சி. மின்சாரம் பாயாது, தீப்பிடிக்காது, ஈரம் குடிக்காது என்பதால் அந்தக் காலத்தில் சுவிட்சு, ஹோல்டர், ஃபியூஸ் கட்டை எல்லாம் பீங்கானில் செய்தார்கள். பீங்கானுக்கு இன்றும் குறை ஒன்றும் இல்லை. குறை பித்தளையில் இருக்கிறது: உள்ளே ஒரு கம்பி தளர்ந்து தொப்பியைத் தொட்டால், எர்த் இல்லாத அந்தத் தொப்பி தொடுகிறவருக்கு ஷாக் கொடுக்கும். “சார், வீட்டுல சின்னப் பிள்ளை இருக்கு, 230 வோல்ட்டுல இதை நான் மாட்ட மாட்டேன்” என்று எலக்ட்ரீஷியன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரி. அதனால் எட்டில் வில்கம்பி கெடாத இரண்டை மட்டும் தேர்ந்து, தேக்கு ரவுண்ட் பிளாக்கில் பொருத்தி, சாடி வைக்கும் கூடத்துச் சுவர் மாடத்துக்குப் போகும் 12 வோல்ட் எல்இடி விளக்குக்குக் கொடுத்தோம். போடும்போது டக்கென்று கேட்கும் அந்தச் சத்தத்துக்காகவே நான்கு வயது மகள் விளக்கை ஒரு நாளில் எத்தனை முறை போட்டு அணைக்கிறாள் என்று கணக்கில்லை. மீதி ஆறும் பெட்டியில் இருக்கின்றன.

பங்குனி முழுவதும் சாடிகளை ஷோகேஸில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். வீடு கடைபோல் ஆனது. வெள்ளைச் சுவருக்கு முன் வெள்ளைச் சாடி கரைந்துபோயிற்று. பிறகு கூடத்துச் சுவர் மாடத்தின் பின்புறத்துக்கு மட்டும் செங்காவி அடித்தேன். அன்று மாலை நீலம் எழுந்து முன்னால் வந்து நின்றது. விளக்கை நேர் மேலிருந்து போட்டபோது சாடி தட்டையாகத் தெரிந்தது. இடப்பக்கம் தாழ்வாகத் திருப்பிய பின்தான் வளைவும், தூரிகை அழுந்திய இடத்தில் நீலம் திரண்டு நிற்பதும் தெரிந்தன. இதற்கு மேல் மாடத்தில் எதுவும் வைக்கவில்லை. ஜப்பான் சாடி, தேய்ந்த விளிம்பு சுவர்ப்பக்கம் இருக்கும்படி, புத்தக அலமாரியின் நடுத்தட்டுக்குப் போயிற்று.

விரிசல் உள்ள சாடியில் நீர் ஊற்றக் கூடாது. உள்ளே ஒடுங்கிய கண்ணாடிக் குழாய் ஒன்றை இறக்கி, அதில் நீர் விட்டு, நிலச்சம்பங்கி இரண்டு தண்டு வைக்கிறேன். குழாயைச் சுற்றி அடிப்பாகத்தில் துணிப்பையில் கட்டிய மணல் இருக்கிறது. மணலை அப்படியே கொட்டினால் கீறும், நிறையக் கொட்டினால் கனத்தில் விரிசல் நீளும். அடியைத் துளைத்து மின்விளக்காக்கலாமே என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னார், காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆடிக் காற்றில் ஒரு நாள் திரைச்சீலை பறந்து மாடத்துக்குள் வீசியது. சம்பங்கித் தண்டு மட்டும் கீழே விழுந்தது.

குமிழ்களை இழுப்பறைகளுக்குப் போட்டேன். பீங்கானும் மரமும் நேரே மோதாமல் இருக்க நடுவில் தோல் வாஷர் வைக்க வேண்டும் என்பது, முதல் குமிழை ஸ்பேனரால் ஒரு சுற்று அதிகமாக முடுக்கியபோது இரண்டாகப் பிளந்ததில் தெரிந்தது. மற்ற மூன்றையும் கையாலேயே இறுக்கினேன். அதே அளவில் நான்காவது ஒன்று இதுவரை கிடைக்கவில்லை. கடைசி இழுப்பறையை இப்போதைக்குத் துணிக்கயிறு கட்டி இழுக்கிறோம்.